எண்ணூருக்கு அருகே ஒரு பழம்பதி

கேள்வி: பழமையான ஊரும் இயற்கைக் காட்சியும் ஒருசேர அமைந்த இடம் எண்ணூருக்கு அருகில் உண்டா? ஒரே நாளில் திரும்ப வேண்டும்.

பதில்: பழவேற்காடு உண்டு, அலைச்சலும் அதிகமில்லை. எண்ணூரில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய ஜெல்திரியாக் கோட்டை புதர் மண்டிய மேடாகவே எஞ்சியிருப்பதால், அங்கே நேரத்தைச் செலவிடாமல், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும், துளைகள் நிறைந்த செந்நிறக் கல்லாகிய செம்புரைக்கல்லால் அமைந்து, இராமாயணக் காட்சிகளைச் சிறு சிற்பங்களாகத் தாங்கும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் நிதானமாகக் காண்பதே சிறப்பு. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நீர்க் காயலான பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைக் காண விரும்புவோர் குளிர்காலத்தில், அதிகாலையிலேயே புறப்படுவது நல்லது.