குட்டி எடுக்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி,

உன் ராஜபாளையம் பெட்டை நாய்க்கு ஒன்றேகால் வயதாகிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஒரு ஈத்து எடுத்துவிடு" என்று தூண்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். எப்போது சேர்க்கலாம் என்றும் கேட்டிருந்தாய். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியுமாக நாட்டு நாய்கள் வளர்ந்த கரிசல்காட்டு முற்றங்களில்தான் என் ஆயுள் போயிற்று. அங்கே கண்ட நல்லதையும் தப்பையும் வைத்துச் சொல்கிறேன், கேட்டுக்கொள். எப்போது என்பது இரண்டாவது கேள்வி. வேண்டுமா என்பதே முதல் கேள்வி.

1. யாருக்காக என்று கேள்.
"இவளைப் போலவே இன்னொன்று வேண்டும்" என்பார்கள். அப்படிப் பிறக்காது. குட்டி தன் அப்பனையும் கொண்டுவரும், பார்த்தறியாத பாட்டன் பூட்டனையும் கொண்டுவரும். "பிள்ளைகள் ஒரு பிரசவத்தைப் பார்க்கட்டும்" என்பார்கள். சில இரவுகளில் பிள்ளைகள் பார்க்க நேர்வது சாவை. "ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நன்றாக இருக்கும்" என்று மூத்தவர்களே சொல்வார்கள். அதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. உன் காரணங்களை ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றும் உனக்காகவா, அவளுக்காகவா, பிறக்கப்போகும் குட்டிகளுக்காகவா என்று பக்கத்தில் குறி. எல்லாமே உனக்காகத்தான் என்று வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடு.

2. உன் நாயை அந்நியன் கண்ணால் பார்.
வளர்த்தவனுக்குத் தன் நாயின் குறை தெரியாது. அவள் இடிச்சத்தத்துக்கு நடுங்குகிறாளா? விருந்தாளியைக் கண்டால் பின்வாங்கிக்கொண்டே பல்லைக் காட்டுகிறாளா? பயந்த சுபாவம் குட்டிகளுக்கும் இறங்கும். பயந்த நாய்தான் முதலில் கடிக்கும். ராஜபாளையத்துக்குத் தனியாக ஒரு கவலை உண்டு, அது செவிட்டுத்தன்மை. வெள்ளை நிறத்தோடு ஒட்டிவருவது அது. உள்காதில் நிறமணுக்கள் இல்லாமல் போனால் கேட்கும் திறன் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். செவிட்டுக் குட்டி உடன்பிறந்தவை எழுந்தால் எழும், ஓடினால் ஓடும். கூட்டத்தில் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு குட்டியை வாங்கிப்போன வீட்டில், கூப்பிட்டால் வருவதில்லை, திமிர் பிடித்தது என்று மாதக்கணக்கில் அடித்தார்கள். அதற்குக் காது கேட்காது என்று தெரிந்தபோது அது மனிதக் கையைக் கண்டாலே ஒடுங்கும் நாயாகிவிட்டிருந்தது. ஒரு காது மட்டும் கேட்காத நாயைக் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குக் கருவிச் சோதனை வேண்டும். உன் பெட்டைக்கோ அவளோடு பிறந்தவற்றுக்கோ இந்தக் குறை இருந்தால் ஈத்து வேண்டாம். அவளிடம் உன் அன்பு அதனால் குறையப்போவதில்லை.

3. அவள் வளர்ந்து முடியட்டும்.
பெட்டைக்கு முதல் பருவம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரும். பெரிய உடம்புக்காரிகளுக்கு இன்னும் தள்ளிப்போகும். பருவம் வந்தது என்பதற்காக அவள் தாயாகத் தயார் என்று எண்ணாதே. எலும்பும் மனசும் முற்ற வேண்டும். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 18 மாதத்துக்கு முன்னும் 8 வயதுக்குப் பின்னும் பெட்டையைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. சட்டம் போட்டது வெளிவேலி. நீ அதற்கு உள்ளேயே நில். இரண்டு வயது ஆகட்டும், இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார், பிறகு யோசி. பொறுத்துக் கெட்ட ஈத்து ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அவசரத்தில் கெட்டவற்றைக் கண்டிருக்கிறேன்.

4. ஆணைத் தேடும்போது பதக்கத்தைப் பார்த்து மயங்காதே.
கடுவனை அதன் வீட்டில் போய்ப் பார். சங்கிலி இல்லாமல் எப்படி நடந்துகொள்கிறது, வீட்டுப் பிள்ளைகளோடு எப்படி இருக்கிறது என்று கவனி. அதற்கு ஏற்கெனவே பிறந்த குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று விசாரி. நம் பக்கத்தில் "ரத்தம் சுத்தமாக இருக்கணும்" என்று அண்ணன் தங்கையையே சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. நாட்டு இனங்களில் எண்ணிக்கை குறைவு. நெருங்கிய ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் ஒளிந்திருக்கும் குறைகள் எல்லாம் வெளியே வரும். இரண்டு நாய்களுக்கும் புரூசெல்லா சோதனை செய். அந்தக் கிருமி கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். இணைசேரும்போது பரவும் புற்றுக்கட்டியும் நம் ஊரில் உண்டு. "என் நாய்க்கு ஒன்றுமில்லை, சோதனையெல்லாம் எதற்கு" என்று கடுவன் வீட்டுக்காரர் முகம் சுளித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

5. சேர்க்கும் நாளை அவள் சொல்வாள், நீ காத்திரு.
பருவம் வந்ததும் ரத்தம் படும். ஒன்பது நாள்போல் கழித்து அது வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும்போது அவள் ஆணை ஏற்பாள். நாய்க்கு நாய் இது மாறும். கால்நடை மருத்துவமனையில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவைப் பார்த்தால் நாள் துல்லியமாகத் தெரியும். அவள் விரும்பாதபோது பிடித்து நிறுத்திச் சேர்க்காதே. இணைந்த நாய்கள் பின்னிக்கொண்டு நிற்கும். அரைமணிகூட ஆகலாம். பிரிக்கப் போகாதே. அந்த வாரம் முழுவதும் கதவைக் காவல் செய். ஒரே ஈத்தில் இரண்டு அப்பன்மாருக்குக் குட்டிகள் பிறப்பதுண்டு.

6. வீட்டில் இருப்பவர்களைக் கேள்.
சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டிகள் உன்னிடம் இருக்க வேண்டியது குறைந்தது எட்டு வாரம். ஆக நான்கு மாதம் வீடு உன் வசத்தில் இருக்காது. ஏழெட்டுக் குட்டிகள் பிறந்தால், மூன்று வாரத்துக்குப் பிறகு தாய் சுத்தம் செய்வதை விட்டுவிடுவாள். நீ அலுவலகம் போனபின் அள்ளிக் கழுவுவது யார்? உன் அம்மாவா? உன் மனைவியா? எத்தனையோ வீடுகளில் ஆண்பிள்ளை நாய்க்காரன் என்று பெயர் வாங்குவான், முதுகொடிவது பெண்களுக்கு. அவர்கள் மனசார ஒப்புக்கொண்டால் மட்டும் இறங்கு. உனக்கு முடியாத பாரத்தை அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டு அதை ஆசை என்று சொல்லாதே.

7. கெட்ட இரவுக்குத் தயாராக இரு.
"கிராமத்து நாய்தானே, தானே ஈன்றுகொள்ளும்" என்ற சொல்லை நம்பித் தாயையும் குட்டிகளையும் ஒரே இரவில் இழந்த முற்றம் எனக்குத் தெரியும். சேர்க்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவை. நள்ளிரவில் எங்கே கொண்டுபோவது, யார் வண்டி என்று முடிவு செய். அறுவைக்கு ஆகும் பணத்தைத் தனியே எடுத்துவை. கடைசி வாரத்தில் அவள் உடல்வெப்பத்தை அளந்துவா. 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனுவாள். அரைமணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், ஒரு குட்டிக்குப் பின் இரண்டு மணி நேரம் அடுத்தது வராவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் கண்டாலும் உடனே கிளம்பு. பாலூட்டும் வாரங்களில் அவள் நடுங்கினால், கால் விறைத்தால், அது சுண்ணாம்புச்சத்து இறங்கியதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்காதே. சினையாக இருக்கும்போது நீயாகக் கால்சியம் மாத்திரை கொடுக்காதே. அக்கறையில் கொடுப்பதே பிறகு அந்த ஆபத்தை வரவழைக்கும்.

8. குட்டி பிறக்கும் முன் வீடு பிறக்கட்டும்.
இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. "எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று" என்று சொன்னவர்களில் பாதிப்பேர் குட்டி கண் திறப்பதற்குள் காணாமல் போவார்கள். சேர்க்கும் முன்பே வீடுகளை நேரில் போய்ப் பார். ராஜபாளையத்துக்கு ஓட இடம் வேண்டும், ஒட்டியிருக்க மனிதர் வேண்டும். சிங்கமாட்டம் காவல் காக்கும் என்று வாங்கிப்போய் நகரத்து மாடிவீட்டில் நாளெல்லாம் கட்டிப்போட்டு, அது வெறிகொண்டு குலைக்க, பிறகு நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. பாசமுள்ள முகத்துக்கும் "இல்லை" என்று சொல்லப் பழகு. எட்டு வாரத்துக்கு முன் எவருக்கும் கொடுக்காதே. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கடித்து விளையாடித்தான் குட்டி கடியின் அளவைக் கற்கிறது. பூச்சிமருந்தும் முதல் தடுப்பூசியும் போட்டு அனுப்பு. "எந்த வயதில் முடியாமல் போனாலும் என்னிடமே திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பு, அந்தச் சொல்லைக் காப்பாற்று. கன்னிக் குட்டியை விலைக்குக் கொடுக்காமல், நன்றாக வைத்திருப்பேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு கொடுத்த பெரியவர்களைப் பற்றி நம் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள். குட்டி போடுவது ஓர் இரவு, பொறுப்பு ஓர் ஆயுள்.

9. லாபக் கணக்குப் போடாதே.
சோதனை, தீவனம், தடுப்பூசி, மருத்துவர் என்று ஒழுங்காகச் செய்தால் மிஞ்சுவது சொற்பம். மிஞ்சுகிறது என்றால் எதையோ குறைத்திருக்கிறாய் என்று பொருள். கடனை அடைக்க ஈத்து எடுத்தவன் ஐந்தாம் வாரத்திலேயே குட்டியை விற்பான், வருகிறவன் யார் என்று கேட்கமாட்டான். அவன் கெட்டவன் இல்லை, அவசரம் அவனை அப்படி ஆக்கிவிடும். விற்பதற்காக வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே 2017 விதிகளில் இருக்கிறது.

10. இனத்தைக் காப்பது எண்ணிக்கை அல்ல.
"நாட்டு இனம் அழிகிறது, குட்டி எடுப்பது நம் கடமை" என்று உனக்குச் சொல்வார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. இந்திய அஞ்சல் துறை 2005-இல் நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. ஊரே பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் காது கேட்காத பத்துக் குட்டிகள் இனத்தைக் காப்பாற்றா. நலமான இரண்டு குட்டிகள், நல்ல இரண்டு வீடுகள் காப்பாற்றும். குறையுள்ள நாயைச் சேர்க்காமல் நிறுத்துகிறவனும் இனத்தைக் காக்கிறவன்தான்.

11. வேண்டாம் என்பதும் வளர்ப்புதான்.
இத்தனையும் யோசித்து நீ வேண்டாம் என்று முடிவெடுத்தால் தலைகுனியாதே. மருத்துவரைக் கேட்டு, தகுந்த வயதில் கருத்தடை செய்துவிடு. கருத்தடை செய்யாத பெட்டைக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வரலாம். தண்ணீரை நிறையக் குடிப்பாள், சோறு இறங்காது, கவனிக்காவிட்டால் உயிரே போகும். அறுவை அந்தப் பயத்தைத் தீர்க்கும். இன்னொரு நாய் வேண்டும் என்று மனசு கேட்டால் உன் தெருவிலேயே வீடில்லாத குட்டி இருக்கும்.

ஆக, நீ கேட்டதற்கு என் பதில் இது. இந்தப் பருவத்தைத் தாண்டவிடு. இரண்டு வயது முடிந்தபின் இந்தப் பதினொன்றையும் மறுபடி படி. ஒவ்வொன்றுக்கும் நேர்மையாக "ஆம்" வந்தால் என்னிடம் சொல். நல்ல கடுவன் எங்கே இருக்கிறது என்று நானும் உன்னோடு தேடுகிறேன், ஈனும் இரவில் உன் வீட்டில் வந்து உட்காருகிறேன். ஒன்றில் தடுமாறினாலும் விட்டுவிடு. அப்போதும் அவள் உனக்கு முழு நாய், நீ அவளுக்கு முழு மனிதன்.