உப்பு காய்வதற்குள்: ஜெட் ஸ்கீ பராமரிப்பு வேலைக்கு வருபவர்களுக்கு

நீர் விளையாட்டு மையத்தில் வேலைக்குச் சேரும் இளைஞர்களில் பலர் ஜெட் ஸ்கீ ஓட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். ஓட்டப் பழகுவது சீக்கிரம் முடிந்துவிடும். மாலையில் கரையேறிய வண்டி மறுநாள் காலை சிணுங்காமல் கிளம்ப வேண்டுமே, அதற்குப் பொறுப்பேற்கும் ஆள்தான் எளிதில் கிடைப்பதில்லை. கோவா, அந்தமான், கிழக்குக் கடற்கரைச் சாலை, இலங்கையின் பெந்தோட்டை என்று எங்கே போனாலும் அந்த ஆளுக்கு மதிப்பு உண்டு. ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் அல்லது மரைன் ஃபிட்டர் படித்தவர்கள், பைக் பட்டறையில் கை பழகியவர்கள் எல்லோருக்கும் இது நல்ல வாசல். எஞ்சின் உங்களுக்குப் பழக்கமானதுதான். புதிதாகக் கற்க வேண்டியது உப்புத் தண்ணீர் எங்கெல்லாம் போய் உட்காருகிறது என்பதை.

யமஹா, கவாசாகி வண்டிகள் கடல் நீரையே இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கின்றன. சீ-டூ வண்டிகளில் எஞ்சினுக்குத் தனி கூலன்ட் உண்டு; ஆனால் அதன் புகைக்குழாய்ப் பகுதி வெளித் தண்ணீரால்தான் குளிர்கிறது. ஆகவே எந்த வண்டியானாலும் கரையேறியதும் உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் குழாய்களுக்குள் உப்புப் படிந்து இறுகிவிடும்.

இதில் வரிசை மாறவே கூடாது. ஹோஸை மாட்டுங்கள். முதலில் எஞ்சினைக் கிளப்புங்கள், உடனே தண்ணீரைத் திறங்கள். சில நிமிடம் ஐடிலில் ஓடட்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை ஓரிரு முறை லேசாக அழுத்தி, புகைக்குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு எஞ்சினை அணையுங்கள். எஞ்சின் ஓடாதபோது தண்ணீர் திறந்திருந்தால், அது புகைக்குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தாலும் கரையில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் சீல் கடலில் மூழ்கியிருக்கும்போதுதான் குளிரும், ஹோஸ் தண்ணீர் அங்கே எட்டாது.

நம் கடற்கரைக்கு இன்னொரு எச்சரிக்கை. கரையோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பாகவே இருக்கும். அதில் அலசுவது வீண். வாயில் விட்டுப் பாருங்கள்; கரித்தால் அலசுவதற்கென்று தனியாக ஒரு தொட்டி நல்ல தண்ணீர் கேட்டு வாங்குங்கள். இந்தச் செலவுக்காக முதலாளியிடம் வாதாடுவதில் தவறே இல்லை.

அடுத்து, பின்பக்க டிரெய்ன் பிளக்குகளைக் கழற்றி உள்ளே தேங்கியதை வடியவிடுங்கள். சீட்டைத் தூக்கி வைத்துக் காற்றாட விடுங்கள். மறுநாள் கடலில் இறக்கும் முன் பிளக்குகளைத் திரும்ப மாட்டினீர்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள். மறந்தால் வண்டி மெல்லத் தண்ணீர் குடிக்கும், ஓட்டுபவருக்கு வெகு நேரம் தெரியாது. பெட்ரோல் நிரப்பியதும் சீட்டைத் திறந்து ஆவி வெளியேறிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். அடைத்த உடலுக்குள் தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்று ஓட்டுபவர் சொன்னால் எஞ்சினைக் குடைய வேண்டாம். பம்பைப் பாருங்கள். அடியில் உள்ள கம்பிச் சட்டத்தில் பிளாஸ்டிக் பை, வலைத் துண்டு, கயிறு சிக்கியிருக்கலாம். எஞ்சினை அணைத்து, எஞ்சினை நிறுத்தும் கயிறான லேன்யார்டையும் உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே உள்ளே கை விடுங்கள். சிக்கல் எதுவும் இல்லையென்றால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ஓரங்களையும், அதைச் சுற்றியுள்ள வேர் ரிங் எனும் வளையத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருந்தால் தள்ளுவிசை போய்விடும். பெரும்பாலும் மணல்தான் இதைத் தேய்க்கிறது. முழங்கால் தண்ணீரில் ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை ஓட்டுநர்களிடம் நிறுத்தினாலே பாதி வேலை குறையும். கையேடுகள் 60 முதல் 90 செ.மீ. ஆழமாவது கேட்கின்றன.

எஞ்சின் ஆயிலைப் பல மாடல்களில் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சொந்த வண்டிக்கு ஆண்டுக் கணக்கு சரி. தினம் ஐந்து மணி நேரம் ஓடும் வாடகை வண்டி இருபதே நாளில் 100 மணியைத் தொட்டுவிடும். பேட்டரி முனைகளில் பூக்கும் பச்சையைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள். துத்தநாக அனோடு பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. இந்த வண்டிகளின் கையேடுகள் பொதுவாக அனுமதிப்பதோ 10 சதவீதம் வரைதான். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நாள்பட்டால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். எத்தனால் குறைந்த பெட்ரோல் எந்த பங்க்கில் கிடைக்கிறது என்று விசாரித்து வையுங்கள். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும்போது பழைய பெட்ரோலை டேங்கில் விடாதீர்கள்.

கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று பின்பக்க ஸ்டிக்கரில் அம்புக்குறி இருக்கும். மாற்றித் திருப்பினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகலாம். அப்படிப் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதன்மீது மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்து வரும்போது வேகம் மணிக்கு 8 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குளிர்விக்கும் குழாய் வழியாக மேலும் தண்ணீர் ஏறும். கரையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கையேடு சொல்லும் முறைப்படி தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் மாற்றியாக வேண்டும். இதெல்லாம் அன்றைக்கே நடக்க வேண்டிய வேலை. ஓரிரவு போனால் சிலிண்டரில் துரு பிடிக்கும்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள்: எஞ்சின் மணி, ஆயில் மாற்றிய தேதி, ஓட்டுநர் சொன்ன புகார். கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் படகோட்டும் பயிற்சியையும் உயிர்காப்புப் பயிற்சியையும் முடிந்தால் முடித்துவிடுங்கள். நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வண்டி இன்று கடலுக்குப் போகக் கூடாது என்று நான் சொன்னால், அதை மீறி அனுப்ப யாருக்காவது அதிகாரம் உண்டா?" உண்டு என்று பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள்.