மலிவுத் தீனும் கறியின் ருசியும்

போராலும் 2004 சுனாமியாலும் இடம்பெயர்ந்த எமது குடும்பங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது வளவில் வளரும் ஊர்க்கோழி. கல்முனைப் பக்கத்தில் முஸ்லிம், தமிழர் இரு வீடுகளிலும் சமைக்கப்படுவது அது. ஆனால் செலவின் பெரும்பங்கு தீனுக்கே போகிறது. 2021இல் இரசாயன உரத் தடையால் சோளன் விளைச்சல் குறைந்து, 2022இல் தீன் விலை ஏறியதை நாம் மறக்கவில்லை.

விலை ஏறும்போது, கரையில் மலிவாகக் கிடைக்கும் மீன்தூளைக் கூட்டிப் போடத் தோன்றும். மீன்தூளில் புரதம் மிகுதி. கோழி விரைவில் பருக்கும். ஆயினும் மீனெண்ணெய் கோழியின் கொழுப்பில் சேர்ந்து, கறியும் முட்டையும் மீன் வாடை வீசும். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை நம்மிடம் வரமாட்டார்.

பத்துக் கிலோ தீனுக்கு இக்கலவை வளரும் கோழிக்குப் பொருந்தும்:

சோளன் அல்லது குறுணல் அரிசி 5 கிலோ
தவிடு 2½ கிலோ
தேங்காய்ப் புண்ணாக்கு 1½ கிலோ
உப்பில்லாத மீன்தூள் 1 கிலோ

உப்புக் கருவாட்டைத் தூளாக்கிப் போடலாகாது. மிகுந்த உப்பு கோழியைக் கொல்லும். தவிட்டின் எண்ணெய் சில நாட்களில் காறிவிடும். ஆகவே ஆலையில் புதிதாக, ஒரு வாரத்திற்கு மட்டும் வாங்குவோம். பூஞ்சணம் பிடித்த சோளனையும் புண்ணாக்கையும் எவ்வளவு மலிவாயினும் ஒதுக்குவோம். விற்பதற்கு இரு வாரம் முன்பே மீன்தூளை நிறுத்தி, அதற்கு ஈடாகப் புண்ணாக்கைக் கூட்டுவோம். கோழி சற்று மெதுவாகப் பருத்தாலும் நம் பெயர் கெடாது.

குழுவாகச் சிந்திக்க: சென்ற மாதம் தீனில் எதைக் குறைத்தோம்? அதனால் மிஞ்சியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு?