ஒரே இசை, வேறு வேறு செவிகள்

நோயுற்றவரின் மனம் அமைதியடைய வேண்டும் என்னும் அன்பினால், உடனிருப்போர் பலர் கைபேசியில் வீணை அல்லது புல்லாங்குழல் இசையை ஒலிக்கவிடுகின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும் அவ்விசை அவருக்கு இதமளிக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? இம்முறை அதைக் காண்போம்.

படுக்கையில் கேட்ட இசை

1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரித்தானிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விபத்தில் காயமுற்றுப் படுக்கையில் இருந்தார். காணவந்த தோழி ஒருவர் ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைத் தந்து சென்றார். அதை அரும்பாடுபட்டு ஒலிக்கவிட்டுப் படுத்த பின்னரே ஒலியளவு மிகக் குறைவென்று உணர்ந்தார். எழுந்து சரிசெய்ய வலுவில்லை. மழையொலியோடு கலந்து வந்த அம்மெல்லிய இசை, இசையைச் சூழலின் ஒரு பகுதியாகக் கேட்கும் வழியை அவருக்குக் காட்டியது. அவ்வாண்டே அவர் வெளியிட்ட ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ அரைமணி நேரம் நீளும் கருவியிசை. இரு எளிய இசைத்தொடர்கள் மெல்ல மாறியபடி மீண்டும் மீண்டும் வருகின்றன.

ஈனோவுக்கு அந்த இயலாமை நன்மையாயிற்று. எல்லோருக்கும் அவ்வாறு அமைவதில்லை. பிடிக்காத இசையை எழுந்து நிறுத்த இயலாதவருக்கு அது துன்பமே.

எதிர்வினைகள் பலவகை

ஒரே மெல்லிசையைக் கேட்டு ஒருவர் உறங்குவார், ஒருவர் கண்கலங்குவார், ஒருவர் எரிச்சலடைவார். செவியோடு நினைவும் சேர்ந்தே இசையைக் கேட்கிறது. வீட்டில் துயரம் நேர்ந்த நாளில் ஒலித்த இசை, எவ்வளவு இனியதாயினும், அத்துயரத்தையே மீட்டு வரலாம். எனவே எந்த எதிர்வினையும் தவறன்று.

2013இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 26 ஆய்வுகளைப் பரிசீலித்து, அறுவை சிகிச்சைக்கு முன் இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்கக்கூடும் எனக் கண்டது. இசை துணையே, மருந்துக்கு மாற்றன்று.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

1. எந்த இசை, எப்போது வேண்டும் என முதலில் நோயாளியிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்தது அவருக்கும் பிடிக்கும் எனக் கருத வேண்டா.

2. பேச்சொலியைவிடக் குறைந்த அளவில், 15 நிமிட அளவுக்கு ஒலிக்கவிட்டுப் பாருங்கள். பொது வார்டில் அடுத்த படுக்கையினரையும் எண்ணுங்கள்.

3. பேச இயலாதவரின் முகத்தைக் கவனியுங்கள். நெற்றி சுருங்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, கை இறுகினாலோ இசையை நிறுத்துங்கள். மூச்சுத்திணறலோ வலியோ தோன்றினால் உடனே செவிலியரை அழையுங்கள்.

4. கண்ணீர் வந்தால் அஞ்ச வேண்டா; பதறி நிறுத்தவும் வேண்டா. கையைப் பற்றிக்கொண்டு, “நிறுத்தட்டுமா?” எனக் கேளுங்கள். சிலர் அழுது முடித்தபின் ஆறுதல் அடைவர்.

நோயாளியின் நாள் முழுவதும் பிறர் முடிவுப்படியே செல்கிறது. ஊசியின் நேரமும் உணவின் நேரமும் அவர் கையில் இல்லை. இசையை ஒலிக்கச் செய்வதும் நிறுத்துவதுமாவது அவர் விருப்பப்படி அமையட்டும்.