ஏறுவழிப் பெருக்கியின் ஆற்றலை மிகுத்தல்

கேபிள் தொலைக்காட்சியின் வடத்திலே செய்தி செல்லும் வழி இரண்டு. நிலையத்தினின்று இல்லங்களுக்கு வருவது இறங்குவழி. இல்லத்து மோடத்தினின்று நிலையத்துக்கு மீள்வது ஏறுவழி. வட அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய பிரிவினையின்படி, முன்னதற்கு 54 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளும், பின்னதற்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைகளும் உரியன. ஏறுவழிச் செய்தியை உந்தி அனுப்புவது மோடத்துள் அமைந்த பெருக்கியே. செய்தி வலிகுன்றிச் சேருமாயின், பெருக்கத்தைக் கூட்டிவிட்டால் அமையுமன்றோ என வினவுவார் உளர். அமையாது, காரணம் காண்போம்.

வடத்தின் மின்மறுப்பு 75 ஓம். அதன்மேல் 1 வோல்ட் நின்றால், செல்லும் ஆற்றல் ஏறத்தாழ 13 மில்லிவாட். அதனை 2 வோல்ட் ஆக்கின், மிகுதி 6 டெசிபெல்லே. ஆற்றலோ நான்மடங்காகி 53 மில்லிவாட் ஆகும். மின்னழுத்தத்தோடு மின்னோட்டமும் இரட்டிப்பதே இதன் காரணம். அவ்வோட்டத்தை டிரான்சிஸ்டர் தரமாட்டாதாயின், அலையின் முடி மழுங்கும். அளவுகடந்து கூவுவோன் குரல் பிளவுபடுவதும் இத்தன்மைத்தே.

மழுங்கிய அலை தன் இருமடங்கு, மும்மடங்கு அலைகளைப் பிறப்பிக்கும். 28 மெகாஹெர்ட்சின் இருமடங்கு 56; அஃது இறங்குவழியிற் புகும். அதனை வடிகட்டி தடுக்கும். 14இன் இருமடங்கோ 28; அஃது ஏறுவழியிலேயே நின்று அயலார் செய்தியைக் கெடுக்கும். அதனைத் தடுக்கும் வடிகட்டி இல்லை. பிறவாமற் காத்தலே வழி.

அவ்வழி நான்கு. முதலாவது, டிரான்சிஸ்டரின் நிலையோட்டத்தை உயர்த்தி, மிகும் வெப்பத்தை உலோகத் தகட்டால் அகற்றுதல். இரண்டாவது, இரு டிரான்சிஸ்டர்களை எதிரெதிராக இயக்குதல். இருமடங்கு அலைகள் தம்முள் எதிர்த்து அழியும், மும்மடங்கு அலைகள் அழியா. மூன்றாவது, 2க்கு 1 என்னும் சுற்றுள்ள டிரான்ஸ்பார்மரை இடையிற் சேர்த்தல். 75 ஓம் டிரான்சிஸ்டருக்கு 19 ஓம் போலத் தோன்றும், 1 வோல்ட் வடத்தில் 2 வோல்ட் ஆகும். நான்காவது, 1927இல் ஹரால்ட் பிளாக் கண்ட எதிர்ப்பின்னூட்டம். பெருக்கத்திற் சிறிது இழந்து தூய்மையைப் பெறும் முறை இது.

இனி ஒன்று கருதற்பாலது. ஒவ்வொரு மோடமும் எவ்வளவு வலியோடு அனுப்பவேண்டுமென்று நிலையமே ஆணையிடுகின்றது. எல்லார் செய்தியும் ஆங்கு ஒத்த அளவிற் சேர்தல் வேண்டும். பல இல்லங்களின் இரைச்சலும் அவ்வொரு வழியிலேயே திரளுதலால், ஒருவன் பிழை பலர்க்கும் தீங்காம். மேலும், வடத்தை இரண்டாகப் பிரிக்கும் சிறு கருவி ஏறத்தாழ 3.5 டெசிபெல்லை, அஃதாவது ஆற்றலிற் பாதிக்கு மேல், விழுங்கிவிடும். வேண்டாத அத்தகைய கருவி ஒன்றை நீக்குதல், பெருக்கியின் ஆற்றலை இரட்டித்தலினும் நன்று. ஆதலின், முதலில் வழியைச் செப்பஞ்செய்க. பின்னரே பெருக்கியைத் தொடுக.