கடற்பஞ்சு கற்பிக்கும் தற்காப்பு

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு, செடிபோல் தோன்றினும் விலங்கினமே. அதற்கு ஓடு இல்லை. இடம்பெயர்ந்து தப்பவும் இயலாது. உடலிலுள்ள நுண்துளைகள் வழியே கடல்நீரை ஈர்த்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை வடிகட்டி உண்கிறது. அவ்வாறாயின், நோய்க்கிருமிகளும் உடன் நுழையுமன்றோ?

அவற்றை அது இருவழிகளில் எதிர்கொள்கிறது. பாக்டீரியாவின் மேலுறையை அடையாளம் கண்டு, அதனைச் சிதைக்கும் நொதிகளைச் சுரப்பது ஒன்று. உடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் துணை மற்றொன்று. சில இனங்களில் உடற்பொருளில் மூன்றிலொரு பங்கு இக்குடிகளே. தற்காப்பு வேதிப்பொருள்கள் பலவற்றை ஆக்குபவையும் இவையே.

இவ்வேதிப்பொருள்கள் மனிதருக்கும் பயன்படுகின்றன. அகெலாஸ் என்னும் கடற்பஞ்சின் ஓரோய்டினை ஒட்டி ஆக்கப்பட்ட சேர்மங்கள், பாக்டீரியாப் படலம் உருவாவதை ஆய்வகத்தில் தடுத்துள்ளன. கரீபியக் கடற்பஞ்சில் 1950களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட சேர்மங்கள், இரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டின.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி, 12.5 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே, அம்மூலக்கூற்றின் பயன்தரும் பகுதியை மட்டும் அறிவியலாளர்கள் செயற்கையாகத் தொகுத்தனர். அவ்வாறு பிறந்த எரிபுலின், மார்பகப் புற்றுநோய் மருந்தாக 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கடலை வெறுமையாக்காமலே மருந்து பெறலாம் என்பதற்கு இது சான்று. எனினும், மூல உயிர் அழிந்தால் கற்பதற்கு எதுவும் எஞ்சாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முதலைக் காத்தாலன்றோ வட்டி தொடரும்!