பழைய எம்ஜிஏ-வில் பிரேக் ஆயில் கசிகிறதா?

1955-இல் வந்த எம்ஜிஏ 1500 காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள். டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிஸ்டனை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் கறை என்றால் மெல்லிய எமரி தாளைச் சுற்றுவாக்கில் ஓட்டினால் போய்விடும். சுண்டுவிரல் நகம் இடறும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் வாங்குவது தண்டச் செலவு. புது சிலிண்டரே போடுங்கள். கழுவுவதற்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகவேண்டாம், ரப்பர் ஊதிவிடும். ஸ்பிரிட் போதும். புது ரப்பர் கப்பைப் பிரேக் ஆயிலில் நனைத்து, உதடு ஆயில் வரும் பக்கம் பார்க்கும்படி விரலாலேயே ஏற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தித் தள்ளுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்! ஆயில் பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.